குடியை நிறுத்த பூட்டு வேணுமா, ஓ.பி. சீட்டு போதுமா?

1/ "சார், நல்ல டி-அடிக்‌ஷன் சென்டர் ஏதாவது தெரியுமா? கொண்டுபோய் சேர்த்துடலாம்னு பார்க்கிறோம்." அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எந்த டாக்டரைக் கேட்டாலும் இந்தக் கேள்வி தனக்குப் பழக்கம்னு சொல்வார். "குடிக்கு மாத்திரை இருக்கா சார்?"னு கேட்கிறவங்க ரொம்பக் குறைவு. இந்த இழை அந்த ரெண்டாவது கேள்வியைப் பத்தி. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். குடிநோய் இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் படுக்கை தேவைப்படாது, பூட்டின கேட்டும் தேவைப்படாது. வீட்ல இருந்தபடி, ஓ.பி.க்கு வந்துபோய், மாத்திரை சாப்பிட்டு சிகிச்சை எடுக்கலாம். இதை "அட்மிஷன் கிடைக்காதவங்களுக்கான மாற்று ஏற்பாடு"ன்னு நினைக்காதீங்க. முதல் கதவே இதுவாத்தான் இருக்கணும்.

3/ நான் மனநல மருத்துவர் கிடையாது. எம்.பி.பி.எஸ். முடிச்சு, ஜி.எச்.ல ஓ.பி.யும் கேஷுவாலிட்டியும் பார்க்கிற டியூட்டி டாக்டர். பைக்ல விழுந்து, ரத்த வாந்தி எடுத்து, வலிப்பு வந்து, வயித்துல தண்ணி கோத்துன்னு குடிநோயாளிகள் முதல்ல வந்து நிற்கிறது எங்க முன்னாடிதான். அந்த இடத்துல இருந்து எழுதறேன். எல்லாம் என் சொந்தக் கருத்து.

4/ முதல்ல அளவு. 2019-ல மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தின தேசிய ஆய்வு வெளியாச்சு. இந்தியாவுல சுமார் 16 கோடி பேர் மது குடிக்கிறாங்க. அதுல 5.7 கோடி பேருக்கு ஏதோ ஒரு உதவி தேவை. குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தர்தான் ஏதாவது சிகிச்சை கிடைச்சதா சொன்னார். அட்மிஷன் ஆனது 180-ல ஒருத்தர்.

5/ இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிங்க. நாளைக்கே நாட்டுல இருக்கிற போதை மீட்புப் படுக்கைகளைப் பத்து மடங்காக்கினாலும், 180 பேர்ல பத்து பேருக்குத்தான் இடம். மீதி 170 பேர்? படுக்கையை மட்டும் நம்பினா இந்த வியாதியை எந்தக் காலத்துலயும் எட்டிப் பிடிக்க முடியாது. சர்க்கரை நோயாளிகள் எல்லாரையும் வார்டுல படுக்க வெச்சா பார்க்கிறோம்?

6/ அடுத்து, யாரு நோயாளி? ஒரு குவாட்டர்னா 180 மி.லி. நம்ம ஊர் சரக்கு 42.8 சதவீதம். கணக்குப் போட்டா சுத்தமான ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். "நான் பீர் மட்டும்தான் சார்"னு சொல்றவருக்கு: 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம்னா, சுமார் 40 கிராம். பீர் ஒண்ணும் ஜூஸ் இல்ல.

7/ ஆனா அளவை மட்டும் வெச்சு முடிவு பண்றதில்ல. நிறுத்தணும்னு நினைச்சும் முடியலையா? வர வர அளவு கூடுதா? காலையில கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டாத்தான் நிக்குதா? வேலை, வீடு, உடம்பு கெடுதுன்னு தெரிஞ்சும் தொடருதா? உலக சுகாதார நிறுவனத்தோட "ஆடிட்"னு 10 கேள்வி இருக்கு. மொத்தம் 40 மார்க். 8-க்கு மேலன்னா கவனிக்கணும். 20-க்கு மேலன்னா அடிமைத்தனமா இருக்க வாய்ப்பு அதிகம். அஞ்சு நிமிஷ வேலை.

8/ இப்ப முக்கியமான எச்சரிக்கை. வருஷக்கணக்கா தினமும் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா அது ஆபத்து. கடைசியா குடிச்ச ஆறு மணி நேரத்துல இருந்தே நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆரம்பிக்கலாம். முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டு நாள்ல இருந்து நாலு நாளுக்குள்ள ஆள் அடையாளம் தெரியாம பிதற்றுறது, சுவத்துல பூச்சி ஓடுதுன்னு அடிக்கிறது, காய்ச்சல். இந்தக் கட்டத்துல உயிர் போகலாம்.

9/ மாலை போட்ட மூணாவது நாள் வலிப்போட வர்றவங்க, கால் எலும்பு முறிஞ்சு வார்டுல படுத்த ரெண்டாவது ராத்திரி கட்டிலை விட்டு எழுந்து ஓடுறவங்க, எல்லாம் இதுதான். "சாமி குத்தம்", "பேய் பிடிச்சிருக்கு"ன்னு சொல்வாங்க. 2020 மார்ச்ல கடைகளை மொத்தமா மூடினப்ப ஊர் ஊருக்கு நடந்ததும் இதேதான். மன உறுதி இருக்கிறவருக்கும் இது வரும். இது மூளையோட எதிர்வினை.

10/ அதனால ஒரு வேண்டுகோள். காலையில கை நடுங்கிற அளவுக்குக் குடிக்கிறவரை "இன்னைக்கே விட்டுடு, சத்தியம் பண்ணு"ன்னு கட்டாயப்படுத்தாதீங்க. முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க. நிறுத்துற நாளை அவரோட சேர்ந்து நாங்க குறிச்சுத் தர்றோம்.

11/ யாருக்கு அட்மிஷன் கட்டாயம் வேணும்? முன்னாடி நிறுத்தினப்ப வலிப்போ பிதற்றலோ வந்தவங்க. மஞ்சள் காமாலை, வயித்துல தண்ணி, ரத்த வாந்தி இருக்கிறவங்க. தலையில அடிபட்டவங்க. காய்ச்சல், நிமோனியா மாதிரி வேற பெரிய வியாதி இருக்கிறவங்க. தற்கொலை எண்ணம் இருக்கிறவங்க. கர்ப்பிணிகள். மத்த போதை மாத்திரையும் சேர்த்து எடுக்கிறவங்க. வீட்ல பார்த்துக்க ஒரு ஆள்கூட இல்லாதவங்க.

12/ இவங்களுக்கு ஓ.பி. போதாது. இதுல சமரசமே கிடையாது. நடை தள்ளாடி, கண் ஒரு மாதிரி ஆடி, குழப்பமா பேசினா அது போதைன்னு நினைச்சுப் படுக்க வைக்காதீங்க. வைட்டமின் பி1 சுத்தமா தீர்ந்துபோயிருக்கலாம். உடனே ஊசி போடலைன்னா நினைவாற்றல் நிரந்தரமா போயிடும். இதுல எதுவுமே இல்லாதவங்கதான் எண்ணிக்கையில அதிகம். அவங்களைப் பத்தித்தான் இனி.

13/ உதாரணத்துக்கு ஒருத்தரை எடுத்துக்குவோம். 40 வயசு கொத்தனார். தினம் ரெண்டு குவாட்டர். காலையில வேலைக்குப் போக, முந்தின ராத்திரி எடுத்து வெச்ச கட்டிங் வேணும். வலிப்பு வந்ததில்ல, காமாலை இல்ல. வீட்ல மனைவி இருக்காங்க, ரெண்டு பிள்ளைங்க. இவருக்கு ஓ.பி. சிகிச்சை எப்படி நடக்கும்?

14/ முதல் நாள்: பி.பி., நாடி, ஈரல், சர்க்கரை, ரத்தப் பரிசோதனை. என்னைக்கு நிறுத்தறதுன்னு அவரே நாள் சொல்வார். அந்த நாள்ல இருந்து அஞ்சு முதல் ஏழு நாளைக்கு நடுக்கத்துக்கும் வலிப்புத் தடுப்புக்கும் மாத்திரை. முதல் நாள் அளவு அதிகம், அப்புறம் படிப்படியா குறைச்சு நிறுத்திடுவோம். கூடவே வைட்டமின் பி1. மாத்திரை அவர் கையில இருக்காது, மனைவி கையில இருக்கும்.

15/ அந்த வாரத்துல ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து காட்டணும். நடுவுல குடிச்சுட்டா அன்னைக்கு மாத்திரை கொடுக்கக்கூடாது. குடியும் இந்த மாத்திரையும் சேர்ந்தா மூச்சு நின்னுடலாம். அதனாலதான் சொல்றேன், இந்த இழையைப் பார்த்துட்டு மெடிக்கல் ஷாப்ல போய் தூக்க மாத்திரை கேட்காதீங்க. மாத்திரை பேரையும் அளவையும் இங்க எழுதாம விட்டதும் அதுக்காகத்தான்.

16/ ஏழு நாள் முடிஞ்சா "சரியாயிடுச்சு"ன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. இங்கதான் பெரும்பாலான சிகிச்சை தோத்துப்போகுது. உடம்புல இருந்து சாராயம் இறங்கிடுச்சு, அவ்வளவுதான். ஆசை இறங்கல. சாயங்காலம் ஆறு மணி, சம்பள நாள், கல்யாண வீடு, சாவு வீடு, மனைவியோட சண்டை, எல்லாம் அப்படியேதான் இருக்கு. உண்மையான சிகிச்சை எட்டாவது நாள்தான் ஆரம்பிக்குது.

17/ ஆசையைக் குறைக்க மாத்திரை இருக்குன்னு நம்ம ஊர்ல படிச்சவங்களுக்கே தெரியாது. ஒண்ணு, நால்ட்ரெக்ஸோன். தினம் ஒரு மாத்திரை. குடிச்சா வர்ற அந்த "கிக்"கை மூளையில மங்க வைக்கும். ரெண்டு பெக்ல எழுந்திருக்க முடியாதவருக்கு எழுந்திருக்கிற வாய்ப்பு கிடைக்கும். அமெரிக்காவுல 1994-லயே குடிநோய்க்கு அனுமதிச்ச மருந்து. போதை மருந்து வகை வலி நிவாரணி எடுக்கிறவங்களுக்கும், ஈரல் ரொம்பக் கெட்டவங்களுக்கும் ஆகாது.

18/ ரெண்டு, அகாம்ப்ரோசேட். நிறுத்தின பிறகு வர்ற படபடப்பு, தூக்கமின்மை, "ஏதோ குறையுது"ங்கிற தவிப்பைக் குறைக்கும். ஈரலுக்குப் பாரம் இல்ல, கிட்னி வழியா வெளிய போயிடும். அதனால கிட்னி சரியா இருக்கான்னு பார்த்துத்தான் கொடுப்போம். கஷ்டம் என்னன்னா ஒரு நாளைக்கு மூணு வேளையும் சாப்பிடணும். ஈரல் சுருங்கினவங்களுக்கு பேக்லோஃபென்னு இன்னொண்ணும் உபயோகப்படுது.

19/ மூணு, டைசல்ஃபிரம். இதைத்தான் ஊர்ல "குடிச்சா வாந்தி வர்ற மாத்திரை"ன்னு சொல்வாங்க. சாராயம் உடம்புல உடையிறதைப் பாதியில தடுத்துடும். அப்ப தேங்கிற விஷப்பொருள்தான் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, பி.பி. இறக்கம்னு கொண்டுவரும். விவரம் புரிஞ்சு, சம்மதிச்சு, வீட்ல ஒருத்தர் தினமும் கையில கொடுத்து சாப்பிடுறவருக்கு இது நல்ல மருந்து. நிறுத்தின பிறகும் ரெண்டு வாரம் வரைக்கும் அதோட வேலை உடம்புல இருக்கும்.

20/ இப்ப சுவர் விளம்பரத்துக்கு வருவோம். "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்." பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில இருந்து யூடியூப் வரைக்கும் இருக்கு. அந்தப் பவுடர்ல என்ன இருக்குன்னு விற்கிறவருக்கே தெரியுமோ என்னவோ. டைசல்ஃபிரம் கலந்திருந்தா என்ன ஆகும்? தெரியாம சாப்பிட்டவர் வழக்கம்போல ஒரு ஆஃப் அடிப்பார். இதயம் பலவீனமா இருந்தா கதை முடிஞ்சுடும்.

21/ தப்பிச்சாலும் சும்மா விடுமா? சாப்பாட்டுல ஏதோ கலந்திருக்காங்கன்னு ஒருநாள் தெரியவரும். அதுக்கப்புறம் மனைவி கையால சாப்பிடமாட்டார், டாக்டர் கொடுக்கிற மாத்திரையையும் தொடமாட்டார். அம்மாக்களே, அக்காக்களே, உங்க தவிப்பு புரியுது. ஆனா தெரியாம எதையும் கலக்காதீங்க. குடிநோய்க்குத் தெரிஞ்சே கொடுக்க நல்ல மருந்து இருக்கு.

22/ "இந்த மாத்திரையெல்லாம் வேலை செய்யுமா?" நேர்மையா சொல்றேன், மந்திரம் கிடையாது. 2023-ல வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 118 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நால்ட்ரெக்ஸோன் 11 பேருக்குக் கொடுத்தா, இல்லைன்னா பழையபடி அதிகக் குடிக்குத் திரும்பியிருக்கக்கூடிய ஒருத்தர் கூடுதலா தப்பிக்கிறார். அகாம்ப்ரோசேட் 11 பேருக்குக் கொடுத்தா, ஒருத்தர் கூடுதலா குடியைத் தொடாமலே இருக்கார்.

23/ "11-க்கு ஒண்ணுதானா?"ன்னு தோணும். நாம தினமும் எழுதிக்கொடுக்கிற பல பி.பி., கொலஸ்ட்ரால் மாத்திரைகள்ல ஒரு மாரடைப்பைத் தடுக்க அதைவிட எத்தனையோ பேருக்கு, வருஷக்கணக்கா கொடுக்கணும். அதை யாரும் வீண்னு சொல்றதில்ல. குடிக்கு மட்டும் நூத்துக்கு நூறு கேட்கிறோம்.

24/ "இதுக்கெல்லாம் ஸ்பெஷலிஸ்ட் வேணாமா?" 2006-ல அமெரிக்காவுல 1,383 பேரை வெச்சு ஒரு ஆய்வு நடந்தது. எல்லாரும் ஓ.பி. நோயாளிகள். நால்ட்ரெக்ஸோனும், டாக்டரோ நர்ஸோ பார்த்து விசாரிச்சு, மாத்திரையைத் தொடரச் சொல்லி, தைரியம் சொல்லி அனுப்புற 16 வார எளிய கவனிப்பும் சேர்ந்தே நல்ல பலன் கொடுத்தது. அதே ஆய்வுல அகாம்ப்ரோசேட் பெருசா உதவல, அதையும் சொல்லிடணும். எல்லா மருந்தும் எல்லாருக்கும் ஒத்துவராது.

25/ அமெரிக்கா வேணாம்னா கோவாவுக்கு வாங்க. 2017-ல வெளியான ஆய்வு. 10 ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல, அடிமைத்தனம் வரைக்கும் போகாம ஆனா ஆபத்தான அளவுல குடிக்கிற ஆண்களுக்கு, சும்மா சில தடவை பேச்சு ஆலோசனை. கொடுத்தவங்க சைக்காலஜி படிச்சவங்க இல்ல, பயிற்சி எடுத்த சாதாரண ஆட்கள். மூணு மாசத்துல அந்த ஆபத்துக் கட்டத்துல இருந்து வெளிய வந்தவங்க 36 சதவீதம். ஆலோசனை கிடைக்காத பக்கம் 26 சதவீதம்.

26/ அப்போ ஒரு பி.எச்.சி. போதும், பயிற்சி எடுத்த ஒரு ஆள் போதும், எம்.பி.பி.எஸ். படிச்ச ஒரு டாக்டர் போதும். குறைஞ்சபட்சம் ஆரம்பிக்கிறதுக்கு. சிக்கலானவங்களை மனநல மருத்துவர்கிட்ட அனுப்பலாம். சுகரை எம்.பி.பி.எஸ். டாக்டர் பார்க்கிறார், சிக்கலானா மேல அனுப்புறார். அதே மாதிரிதான்.

27/ இனி வழக்கமான எதிர்க்கேள்விகள். "வெளிய விட்டா மறுபடி போய் குடிப்பான் சார், அதான் உள்ள போட்டுடலாம்னு." சரி, மூணு மாசம் உள்ள வெச்சீங்க. அப்புறம்? அதே தெரு, அதே நண்பர்கள், வேலைக்குப் போற வழியில அதே கடை. அந்தக் கடையைத் தாண்டிப் போகிற பழக்கத்தை அந்தத் தெருவுல இருந்துதான் கத்துக்க முடியும். மூணு மாசக் கூலி போய், வட்டிக் கடன் ஏறினதுதான் மிச்சம்னா, அதுவே குடிக்க இன்னொரு காரணம்.

28/ எல்லா சென்டரும் மோசம்னு நான் சொல்ல வரல. சிலருக்கு அந்த இடைவெளி உயிரையே காப்பாத்தியிருக்கு. ஆனா சேர்க்கிறதுக்கு முன்னாடி கேளுங்க: பதிவுச் சான்றிதழ் இருக்கா? டாக்டர் தினமும் வர்றாரா? ராத்திரி வலிப்பு வந்தா என்ன பண்ணுவீங்க? நாங்க வந்து பார்க்கலாமா? "நாற்பது நாளைக்குப் பார்க்கவே கூடாது"ன்னு சொன்னா அந்த இடமே வேணாம்.

29/ 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல குடி, போதையால வர்ற மனநல பாதிப்பும் அடங்கும். சங்கிலியில கட்டுறது எந்த வகையிலயும் சட்டப்படி குற்றம். பதிவு இல்லாம இப்படி இடம் நடத்தவும் முடியாது. அடிச்சுத் திருத்துறதுக்கு வைத்தியம்னு பேர் கிடையாது. நகையை அடகு வெச்சு வீட்டு ஆளை அடி வாங்க அனுப்பாதீங்க.

30/ "ஒரு போதையை விட இன்னொரு போதை மாத்திரையா?" நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிரம் மூணுலயும் போதை கிடையாது, அடிமையாகவும் மாட்டாங்க. முதல் வாரம் கொடுக்கிற நடுக்க மாத்திரைக்கு மட்டும் அந்த ஆபத்து உண்டு. அதனாலதான் அதை ஒரு வாரத்துல நிறுத்துறோம், கொஞ்சம் கொஞ்சமா எண்ணிக் கொடுக்கிறோம்.

31/ "அவனா திருந்தணும் சார், மருந்தால ஆகுமா?" விருப்பம் வேணும், சந்தேகமே இல்ல. ஆனா விருப்பம் காலையில இருக்கும், சாயங்காலம் போயிடும், மறுநாள் காலையில அழுகையோட திரும்ப வரும். அந்தக் காலை நேர விருப்பம் கரையாம பிடிச்சு வைக்கத்தான் மாத்திரை. முழு மனசோட வந்தாத்தான் சிகிச்சைன்னு சொன்னா, பாதி மனசோட வர்றவங்களைச் சாக விடுறோம்னு அர்த்தம்.

32/ "மாத்திரை சாப்பிட்டும் மறுபடி குடிச்சுட்டார்." ஆமா, குடிப்பாங்க. நிறைய பேர் ஒரு தடவைக்கு மேல வழுக்குவாங்க. தீபாவளிக்கு ஸ்வீட் சாப்பிட்டு சுகர் 300 ஏறி வர்றவரோட சிகிச்சை நோட்டை யாராவது கிழிச்சுப் போடுறோமா? மாத்திரையைச் சரிபண்ணி அனுப்புறோம். குடிச்சுட்டு வெட்கப்பட்டு ஓ.பி.க்கு வராம இருக்கிறதுதான் வழுக்கினதைவிடப் பெரிய ஆபத்து. வழுக்கின மறுநாளே வாங்க.

33/ எங்க பக்கத்துத் தப்பையும் சொல்லணும். நடுக்கத்தோட வரிசையில நிக்க முடியாம ஒருத்தர் கொஞ்சம் ஊத்திட்டு ஓ.பி.க்கு வந்தா, "குடிச்சுட்டு வந்திருக்கியா, போய்யா வெளிய"ன்னு விரட்டுற ஆஸ்பத்திரிகள் இருக்கு. அவருக்குச் சீட்டைப் பிடிக்கிற அளவுக்குக் கை நிற்கணும்னாலே அது தேவைப்பட்டிருக்கும். நோயோட அறிகுறியைக் காட்டி நோயாளியைத் திருப்பி அனுப்புற ஒரே வியாதி இதுதான்.

34/ வீட்ல இருக்கிறவங்களுக்கு நாலு விஷயம். போதையில இருக்கும்போது பேசாதீங்க, காலையில பேசுங்க. "நீ குடிகாரன்"னு ஆரம்பிக்காதீங்க, "நேத்து ராத்திரி பாப்பா பயந்துபோய் தூங்கவே இல்ல"ன்னு நடந்ததைச் சொல்லுங்க. குடிக்கக் காசும் கொடுக்காதீங்க, வேலைக்கு வராததுக்குப் பொய்க் காரணமும் சொல்லாதீங்க. அடி உதைன்னா முதல்ல நீங்களும் பிள்ளைங்களும் பத்திரமான இடத்துக்குப் போங்க, 181-க்குக் கூப்பிடுங்க. அவரோட சிகிச்சை அப்புறம்.

35/ பெண்களும் குடிக்கிறாங்க. கட்டட வேலை, மீன் சந்தை, ஐ.டி. ஆபீஸ் எல்லா இடத்துலயும். அவங்களால மூணு மாசம் வீட்டை விட்டுப் போய் தங்க முடியுமா? ஊர் என்ன பேசும்? பொது ஓ.பி. சீட்டுல "தலைவலி"ன்னு எழுதிட்டு உள்ள வந்து டாக்டர்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்ல முடிஞ்சாத்தான் அவங்களுக்கு சிகிச்சையே நடக்கும். ஓ.பி.யோட பெரிய பலமே, யார் எதுக்கு வந்தாங்கன்னு அந்தக் கூட்டத்துல தெரியாது.

36/ மாத்திரையோட சேர்த்து, கூட இருக்கிறவங்களும் வேணும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு குடியை நிறுத்தினவங்களே நடத்துற கூட்டங்கள் தமிழ்ல நடக்குது. காசு கிடையாது, பேரைச் சொல்லணும்னு இல்ல. குடும்பத்தாருக்கு அல்-அனான்னு தனியா இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குப் போக வேற ஒரு இடம் இருக்கிறதே பாதி மருந்து.

37/ இப்ப அரசுகிட்ட கேட்க வேண்டியது. பெரும்பாலான ஜி.எச்.ல ஓ.பி. காலை ஏழரைக்கு ஆரம்பிச்சு மதியம் 12 மணியோட முடியும். டாஸ்மாக் கடை மதியம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடும். நாங்க மூடுற நேரம், அவங்க திறக்கிற நேரம். தினக்கூலி ஆள் ஓ.பி.க்கு வரணும்னா அன்னைக்குச் சம்பளம் போகும். கடைக்குப் போக எந்தச் சம்பளமும் போகாது.

38/ அதனால முதல் கோரிக்கை: வாரத்துல ரெண்டு நாளாவது தாலுகா ஜி.எச்.ல சாயங்கால ஓ.பி. வேலை முடிஞ்சு வர்ற அஞ்சு மணியில இருந்து எட்டு மணி வரைக்கும். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு ஆலோசகர். கால் கடைக்குத் திரும்புற அந்த நேரத்துல ஆஸ்பத்திரி கதவும் திறந்திருக்கணும்.

39/ ரெண்டாவது: மருந்து. நால்ட்ரெக்ஸோனும் அகாம்ப்ரோசேட்டும் தாலுகா அளவுல இடைவிடாம இருக்கணும். வெளிய வாங்கினா மாசக் கணக்குல கட்டுப்படியாகாது, ரெண்டாவது மாசமே நிறுத்திடுவாங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்துல சுகர், பி.பி. மாத்திரை வீட்டு வாசலுக்கே போகுது. அதே பையில இந்த மாத்திரையும் போனா என்ன?

40/ மூணாவது: பயிற்சி. எம்.பி.பி.எஸ். முடிச்சு வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஆடிட் கேள்வி கேட்கவும், யாரை அட்மிட் பண்ணணும்னு பிரிக்கவும், ஓ.பி.ல நிறுத்த வைக்கவும் தெரியணும். ஹவுஸ் சர்ஜன் காலத்துலயே கைப்பழக்கமா வரணும். மாவட்ட மனநலத் திட்டத்துல மனநல மருத்துவர் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் குறிப்பிட்ட நாள்ல வர்றார். மீதி நாள் நாங்க பார்த்துக்கிட்டா அவருக்கும் பாரம் குறையும்.

41/ "இதுக்கெல்லாம் காசு?" 2023-24-ல மது மூலமா தமிழ்நாடு அரசுக்கு வந்த வருமானம் 45,800 கோடி ரூபாய்க்கு மேல. அதுல நூத்துல ஒரு பங்கு எடுத்தாலே 458 கோடி. மதுவிலக்கு வேணுமா வேணாமாங்கிறதை அரசியல்வாதிகள் பேசட்டும். விற்கிற வரைக்கும், அதனால நோயாளியானவருக்கு மருந்து கொடுக்கிறது விற்கிறவரோட பொறுப்பு. இதுல கட்சி எதுவும் இல்ல.

42/ ஏற்கெனவே நடக்கிற நல்லதையும் சொல்லணும். அரசு மருத்துவமனைகள்ல "கலங்கரை"ங்கிற பேர்ல ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்கள் வந்திருக்கு. மருத்துவக் கல்லூரிகள்லயும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகள்லயும் மனநல ஓ.பி. இருக்கு, மருந்து இலவசம். ஆனா படுக்கை எத்தனைன்னு மட்டும் எண்ணாம, ஆறு மாசம் கழிச்சும் ஓ.பி.க்கு வந்துகிட்டிருக்கிறவங்க எத்தனை பேர்னு எண்ணணும். அதுதான் இந்த வியாதியில உண்மையான மார்க்.

43/ நாளைக்கே என்ன பண்ணலாம்? பக்கத்து ஜி.எச்.ல மனநல மருத்துவர் என்னைக்கு வர்றார்னு கேளுங்க. தெரியலைன்னா பொது ஓ.பி.க்கே வாங்க. வீட்ல இருந்து ஒருத்தர் கூட வாங்க. சாப்பிடுற மத்த மாத்திரைகள், பழைய ரிப்போர்ட் எடுத்துட்டு வாங்க. எவ்வளவு குடிக்கிறார்னு குறைக்காம சொல்லுங்க. போன்ல பேசணும்னா 14416, டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழ்ல. போதைக்குன்னே தனி எண் 14446. ரெண்டும் இலவசம்.

44/ வலிப்பு, பிதற்றல், ரத்த வாந்தி, மயக்கம்னா ஓ.பி. நேரத்துக்குக் காத்திருக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க, நேரா கேஷுவாலிட்டி.

45/ குடிக்கிறவர் கெட்டவரா நல்லவராங்கிற விசாரணை எங்களுக்கு வேணாம், அது ஓ.பி. சீட்டுல கேட்கிற கேள்வியும் இல்ல. எங்களுக்குத் தெரிய வேண்டியது எவ்வளவு, எத்தனை வருஷமா, கடைசியா எப்போ, கூட யார் இருக்கா. இந்த நாலுக்குப் பதில் சொன்னா மருந்து எழுதலாம். இந்த இழையைக் குடிக்கிறவருக்கு அனுப்பத் தயக்கமா இருந்தா, அவர் வீட்ல மாத்திரை எடுத்துக் கொடுக்கப்போற ஒருத்தருக்கு அனுப்புங்க.